தென்னாட்டு நாங்கூழ்களின் விருத்தாந்தம்

சென்னையிலிருந்து திருநெல்வேலி வரையில் பரந்து கிடக்கும் சமவெளியில், வாழைப் பாத்தி, கிணற்றடி, வாய்க்கால் வரப்பு என்று ஈரம் தங்கும் இடம் எதுவாயினும் சரி, மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் புரட்டிய மாத்திரத்தில் நெளிந்து வெளிப்படுகின்ற, தலைப்பக்கம் சற்றே ஊதா ஓடிய பழுப்பு நிற நாங்கூழ் என்னும் மண்புழுவைக் காணாத தமிழர் அரியர். தூண்டில்காரர் அதைச் சிரட்டையில் ஈரமண்ணோடு இட்டு ஏரிக்கரைக்கு எடுத்துச் செல்வர். பிராணி சாஸ்திர மாணவர் அதை மெழுகுத் தட்டில் குத்திவைத்து அறுப்பர். இவ்வளவு பரிசயமுள்ள இந்த ஜந்துவுக்குச் சாஸ்திர உலகம் வழங்கும் பெயர் 'லாம்பிட்டோ மாரிட்டியை' என்பது. அப்பெயரில் அமைந்திருப்பது மொரீஷியஸ் தீவு. 1851 முதல் 1853 வரை உலகைச் சுற்றிவந்த 'யூஜினி' என்னும் ஸ்வீடன் தேசத்துப் போர்க்கப்பலில் பிரயாணம் செய்த கின்பெர்க் என்ற சாஸ்திரி, பின்னர் 1860-களில் வெளியிட்ட புழு வர்க்கங்களின் ஜாபிதாவில், மொரீஷியஸில் கிடைத்த மாதிரியைக் கொண்டு இதற்கு நாமகரணம் செய்தார். தென்னிந்தியாவே இதன் பூர்விகம் என்றும், செடிகளின் வேரோடு சென்ற மண்ணில் ஒளிந்து கடல் கடந்து தீவுகளை அடைந்திருக்க வேண்டும் என்றும் பிற்காலத்தார் கருதுகின்றனர். ஊரோடு இருந்தவற்றை விட்டுவிட்டு, பிழைக்கப் போன ஒன்றின் பெயரால் குலம் முழுவதையும் ஏட்டில் ஏற்றியதாக ஆயிற்று.

தென்னாட்டு மண்புழுக்களைப் பற்றிய சாஸ்திரத்தின் சரித்திரம் பெரும்பாலும் இந்த ரீதியிலேயே நடந்திருக்கிறது. பெயர் முதலில் வந்தது. அப்பெயருக்குரிய பிராணி எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எதைத் தின்று, எவ்வளவு ஆழத்தில் வாழ்கிறது என்ற விசாரணை பல தலைமுறை கழித்தே வந்தது. இலங்கையில் ராணுவ வைத்தியராக இருந்த ராபர்ட் டெம்பிள்டன், அத்தீவின் நீல நிறப் பெரும்புழு ஒன்றை 1844-ஆம் ஆண்டில் 'மெகாஸ்கோலெக்ஸ் செருலியஸ்' என்று வர்ணித்து லண்டனுக்கு எழுதினார்; அந்த வர்க்கத்துக்கு உலகெங்கும் இன்றைக்கும் அந்தப் பெயரே முதற்பெயர். உயிரோடு கண்டு எழுதியவர் என்ற வகையில் டெம்பிள்டன் ஒரு விதிவிலக்கு. 1872-இல் பாரிஸ் நகரத்து எட்மண்ட் பெரியே, கண்காட்சிச் சாலையில் சாராயத்தில் ஊறிக் கிடந்த புழுக்களை அறுத்துப் பார்த்து எழுதிய பெரிய நூலில்தான் மொனிலிகாஸ்டர், பெரியோனிக்ஸ் என்னும் இரண்டு வர்க்கங்களும் பிறந்தன. முன்னதன் உடலில் உணவை அரைக்கும் கடினமான இரைப்பைகள் பல, வரிசையாகக் கோத்த மணிகளைப் போலிருக்கக் கண்டு அவர் அப்பெயரை இட்டார். சாராயத்தில் கிடக்கும் புழு நிறம் வெளுத்துச் சுருங்கிப் போய்விடும். உள்ளுறுப்புகளின் அமைப்பைத் தவிர வேறெதையும் அது சொல்லாது. ஆகவே உள்ளுறுப்புகளே வகுப்பு முறைக்கு ஆதாரமாயின என்பதில் வியப்பில்லை.

இதற்கிடையில் புழுவின் தொழிலைக் கவனித்த ஒரே ஒருவர் உலகின் கவனத்தையெல்லாம் அதன்பால் திருப்பினார். சார்லஸ் டார்வின் தம் ஆயுளின் கடைசி நூலாக 1881-இல் வெளியிட்டது மண்புழுக்களைப் பற்றியது. இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டொன்றுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலினூடே சென்று மேலே வருகிறது என்று அவர் கணக்கிட்டார். அந்நூலில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. கல்கத்தா தாவரத் தோட்டத்தின் அதிபராக இருந்த ஜார்ஜ் கிங் நீலகிரியிலிருந்து கொணர்ந்து கொடுத்த புழுமண் கட்டிகளின் படம் அதில் அச்சாகியிருக்கிறது. அவர் கொடுத்தவற்றுள் மிகப் பெரியது கால் ராத்தலுக்கும் மேற்பட்ட எடையுள்ளது. இங்கிலாந்துப் புல்வெளியில் சுண்டுவிரல் நுனியளவு குவியல்களையே கண்டு பழகிய முதியவருக்கு அவை எவ்வளவு ஆச்சரியத்தை அளித்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அந்தக் கட்டிகளை வெளித்தள்ளிய புழு எது என்பது அப்போது தெரியவில்லை. டார்வின் நூல் வெளிவந்து பத்தே ஆண்டுகளில், 1891-இல், திருவனந்தபுரத்துத் தத்துவப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இயற்றிய 'மனோன்மணீயம்' நாடகத்தில் நடராசன் என்னும் பாத்திரம் வயலோரத்து நாங்கூழ்ப் புழுவை நோக்கி அதன் உழைப்பை வியந்து பேசுகிறது. தமிழ் நாடகமொன்றில் நாங்கூழுக்கு அரியணை கிடைத்தது அப்போதுதான். அந்தப் பகுதியைப் படிக்கும்போது ஆசிரியர் புதிய சாஸ்திரத்தையும் பழைய உழவனின் கண்ணையும் ஒருசேரக் கொண்டிருந்தார் என்பது விளங்குகிறது.

தென்னாட்டு மண்ணைத் தோண்டி, உயிருள்ள புழுவைக் கையில் எடுத்துப் பார்த்து எழுதிய முதல் பெரும் ஆராய்ச்சியாளர் ஆல்பிரட் கிப்ஸ் போர்ன். 1886-ஆம் ஆண்டில் சென்னைப் பிரஸிடென்ஸி கல்லூரியின் உயிர்நூல் பேராசிரியராக வந்த இவர், அதே ஆண்டில் நீலகிரியிலும் சேர்வராயன் மலையிலும் கிடைத்த மண்புழுக்களைப் பற்றிய பூர்வாங்கக் குறிப்பொன்றை லண்டன் விலங்கியல் சங்கத்தின் நடவடிக்கைகளில் வெளியிட்டார். இருபத்தேழே வயது நிரம்பிய ஆங்கிலேயர் ஒருவர், கடற்கரைப் பட்டணத்தின் புழுக்கத்தினின்று மலை ஏறியவர், ஆங்கு ஏனையோரைப் போல வேட்டையிலும் விருந்திலும் பொழுது போக்காமல் காட்டுச் சேற்றில் கை வைத்தார் என்பது எண்ணத்தக்கது. நீலகிரியின் பெரும்புழு ஒன்றுக்கு 'மொனிலிகாஸ்டர் கிராண்டிஸ்' என்று பெயரிட்டு, அதன் உடலமைப்பை 1894-இல் விஸ்தாரமான வியாசமாக எழுதினார். அதற்கு மூன்றாண்டு முன்னர் இலங்கையின் நீலப் பெரும்புழுவை ஆராய்ந்து, மண்புழுவின் உடலில் இரத்தம் ஓடும் வழியைப் பற்றி ஒரு கொள்கையையும் வகுத்தார். அவருடைய சித்திரங்களில் ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு சுவரும் தனித்தனியே துலங்கும். சாராயத்தில் சுருங்கிய புழுவை மட்டும் பார்த்தவர் கையினின்று அத்தகைய சித்திரம் எழாது. பிற்காலத்தில் போர்ன் சென்னை மாகாணத்துக் கல்வி இலாகாவின் டைரக்டராகவும், பெங்களூரில் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தின் அதிபராகவும் உயர்ந்தார். தம் மனைவியாரோடு பழனி மலைத் தாவரங்களைச் சேகரிப்பதில் ஈடுபட்டார். அந்தச் சேகரிப்பே பைசன் எழுதிய மலைத்தாவர நூலுக்கு அஸ்திவாரமாயிற்று. தாவர சாஸ்திரத்துக்கு லாபந்தான். ஆனால் மேலும் இருபதாண்டு அவர் புழுவோடு இருந்திருந்தால் நம் மலைகளின் பூர்வ ஜந்துக்களைப் பற்றிய அறிவு எவ்வளவோ முன்னேறியிருக்கும் என்று ஏங்காமலிருக்க முடியவில்லை.

மொனிலிகாஸ்டர் குடும்பத்தின்மேல் அவருக்கு ஏற்பட்ட மோகத்துக்குக் காரணம் உண்டு. மண்புழுவின் கழுத்தருகே மோதிரம் போலத் தடித்து, முட்டைக்கூட்டைச் சுரக்கும் பகுதி ஒன்று இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். சாதாரணப் புழுக்களில் அது பல அடுக்கு உயிரணுக்களாலான கனத்த படலம். முட்டைகளோ மிகச் சிறியவை. கூட்டினுள் நிரம்பிய வெண்கரு போன்ற திரவமே குஞ்சுக்கு ஆகாரம். இக்குடும்பத்திலோ அந்த மோதிரம் ஒற்றை அடுக்கே உடையது. முட்டைகள் பெரியவை, மஞ்சட்கரு நிறைந்தவை. நீரில் வாழும் சிறு புழுக்களின் குணம் இது. ஆகவே நிலத்துக்கு ஏறிவந்த மண்புழுக்களில் மிகப் பழைமையான கிளை இது என்று பலர் கருதினர். ஆண் துவாரங்களும் ஏனைய புழுக்களில் இருப்பதைவிட வெகு முன்னால், பத்தாவது பதினோராவது வளையங்களுக்கு இடையில் அமைந்துள்ளன. ஒரு பூதக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் இருந்தால் அந்த ஜோடித் துவாரங்களை எவரும் காணலாம். கண்டுவிட்டால் கையிலுள்ளது இக்குடும்பத்தது என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். இப்பழங்குடி தெற்கு, தென்கிழக்கு, கிழக்கு ஆசியாக்களில் மட்டுமே இயற்கையாய் உள்ளது. அதன் உட்பிரிவுகள் அதிகமாகச் செறிந்திருப்பது தென்னிந்தியாவில். அவற்றுள் தலையாய வர்க்கத்தை 1900-இல் ஹாம்பர்க் நகரத்து வில்ஹெல்ம் மிக்கேல்சன் தனியே பிரித்து 'டிராவிடா' என்று பெயரிட்டார். போர்னின் நீலகிரிப் பெரும்புழு இன்று 'டிராவிடா கிராண்டிஸ்' என்றே வழங்குகிறது. இந்த வர்க்கம் நம் மலைகளில் தொடங்கி, பர்மா, சீனம் வழியாகக் கொரியாவையும் ஜப்பானையும் ருஷ்யாவின் கீழ்க்கோடியையும் எட்டிப் பரந்திருக்கிறது.

மிக்கேல்சன் சாமானியர் அல்லர். உலகத்துப் புழுக்களின் பெரும்பகுதி அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. கல்கத்தா இந்தியக் கண்காட்சிச் சாலையின் சேகரிப்பை வைத்து 1909-லும், இந்தியா இலங்கைப் பிரதேசம் முழுவதையும் பற்றி 1910-லும் அவர் எழுதிய நூல்கள் பிற்கால ஆராய்ச்சிக்கெல்லாம் மூலமாயின. ஒரு சிறு புழுவைக் கொண்டு கண்டங்களின் கதையையே மாற்றிப் பேசியதுதான் அவருடைய பெரும் சாதனை என்பது என் அபிப்பிராயம். மண்புழு கடல் நீரில் பிழைக்காது. கடற்கரை மணலில் உப்பைத் தாங்கி வாழும் பொன்டோட்ரிலஸ் போன்ற ஓரிரண்டே அதற்கு விலக்கு. பறக்கவும் நீந்தவும் இயலாத இப்பிராணியின் உறவினர் இந்தியாவிலும் நியூஜீலாந்திலும் மடகாஸ்கரிலும் ஒருங்கே இருக்கக் காரணம் என்ன என்று அவர் வினவினார். ஆதியில் கடலில் மூழ்கிப்போன நிலப்பாலங்களைக் கற்பித்துப் பலர் விடை கூறினர். அதே ஹாம்பர்க் நகரில் சில காலம் பணிபுரிந்த வெகனர், கண்டங்களே ஒன்றிலிருந்தொன்று பிரிந்து நகர்ந்தன என்று கூறியபோது பூகர்ப்ப சாஸ்திரிகள் பெரும்பாலோர் நகைத்தனர். மிக்கேல்சனோ மண்புழுக்களின் பரவலை அக்கொள்கைக்குச் சான்றாகக் காட்டி 1922-இல் எழுதினார். வெகனரும் தம் நூலில் அதை எடுத்தாண்டார். மிக்கேல்சன் ஒரே வர்க்கம் என்று கொண்ட இந்திய, நியூஜீலாந்துப் புழுக்கள் பின்னால் வெவ்வேறு வர்க்கங்களாகப் பிரிக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் கண்டங்கள் நகர்ந்தன என்பதில் இன்று சந்தேகிப்பார் இலர்.

இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்து, லாகூர் அரசாங்கக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஜான் ஸ்டீபன்சன், இவ்வளவையும் திரட்டி 1923-இல் 'பிரிட்டிஷ் இந்தியாவின் பிராணி வர்க்கம்' என்னும் தொடரில் ஒரு பெருநூலாக ஆக்கினார். அதன் இனங்காணும் பட்டியலை வைத்துக்கொண்டு வழி கண்டவர் அநேகர். அதற்குப் பின் வந்தவர்களில் ரங்கூன் ஜட்ஸன் கல்லூரியில் இருந்த அமெரிக்கர் கோர்டன் கேட்ஸ் பிடிவாதக்காரர். முடிகளின் வரிசையையும் சில சுரப்பிகளையும் மட்டும் அளவுகோலாக்கிக் குடும்பங்களை வகுத்த பழைய முறையை ஓயாமல் கண்டித்தார். ஜீரணக் குழல், இரத்தக் குழல், கழிவுக் குழல் ஆகியவற்றின் அமைப்பே உறவைக் காட்டுவதென்று வாதித்தார். சுதேசிப் புழு எது, மனிதனோடு கூடத் திரியும் புழு எது என்று பிரித்தறிய வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பானவர். அமெரிக்கத் துறைமுகங்களில் வெளிநாட்டுச் செடிகளின் தொட்டி மண்ணிலிருந்து பிடிபட்ட புழுக்களை ஆண்டுக்கணக்காகப் பரிசோதித்தவர் அவ்வாறு எண்ணுவது இயல்பே. அவருடைய 'பர்மிய மண்புழுக்கள்' 1972-இல் வெளிவந்தது. சுதந்தர இந்தியாவில் விலங்கியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஜுல்கா 1988-இல் எழுதிய நூல், மண்புழுக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் அல்லாமல் ஆக்டோகீட்டிடே என்னும் ஒரே குடும்பத்துக்கு உரியது. அதற்கே ஒரு தனி நூல் வேண்டியிருந்தது. இந்தியாவில் இதுவரை பெயர் பெற்ற மண்புழு இனங்கள் நானூற்றுக்கும் மேல்.

அவை நாட்டில் பரவியிருக்கும் விதத்தைப் பார்த்தால் வயலும் மலையும் வெவ்வேறு ராஜ்யங்கள். கிழக்குச் சமவெளியில் இனங்கள் குறைவு, தொகை மிகுதி. ஆறு மாதம் காய்ந்து வெடிக்கும் மண்ணில் பிழைக்கத் தெரிந்த லாம்பிட்டோ போன்றவையே அங்கு நிலைத்தன. நிலைத்தவை எங்கும் பரவின. மேற்குத் தொடர்ச்சி மலையில் நிலைமை நேர்மாறு. ஈரம் வற்றாத சோலைக்காடுகளில் ஒவ்வொரு மலைத்தொகுதிக்கும் தனக்கெனச் சில இனங்கள் உண்டு. நீலகிரியில் உள்ள பல பழனி மலையில் இரா, பழனி மலையில் உள்ள சில ஆனைமலையில் இரா. நடுவில் வறண்ட நிலம் குறுக்கிட்டால் அதைக் கடக்க அவற்றால் இயலாது. இலங்கையின் ஈர மலைகளுக்கும் நம் மேற்கு மலைகளுக்கும் மெகாஸ்கோலெக்ஸ் முதலிய வர்க்கங்கள் பொதுவாயிருப்பது, ஆழமற்ற பாக் ஜலசந்தி பனியூழிக் காலங்களில் தரையாய்க் கிடந்ததையும், அதற்கு முந்திய மிகப் பழைய தொடர்பையும் நினைப்பூட்டும். சேற்று வயலுக்கும் ஓடைக்கரைக்கும் உரிய கிளைபிட்ரிலஸ் என்னும் புழு வேறு வகை. அதன் பின்னுடல் நாற்சதுரமானது, முதுகுப்புறம் பள்ளமானது. தலையைச் சேற்றில் புதைத்து வாலை மேலே நீட்டி, அந்தப் பள்ளத்தின் வழியே மூச்சு விடும்.

ஒவ்வொன்றும் நிலத்தில் எந்த அடுக்கில் வாழ்கிறது என்ற கேள்வியை முறையாக வகுத்தவர் 1970-களில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் பூஷே. குப்பையிலேயே குடியிருப்பவை, ஆழ்வளை வெட்டி மேலே வந்து இலைகளை இழுத்துச் செல்பவை, மண்ணையே தின்று மண்ணுக்குள்ளேயே திரிபவை என மூன்றாக அவர் பிரித்தார். சாணக் குவியலைக் கிளறினால் சிவந்த ஊதா நிறத்தில் துள்ளி ஓடும் பெரியோனிக்ஸ் முதல் வகை. நம் லாம்பிட்டோ இரண்டாம் வகை. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த காலையில் தோட்டத்தில் குனிந்து பார்த்தால், தினையளவும் கேழ்வரகளவும் உள்ள மண் உருண்டைகள் சிறு குவியல்களாய் வளைவாயில் கிடக்கும். விரலால் ஒதுக்கினால் உள்ளே சளி பூசிய வழவழப்பான துவாரம் தெரியும். சற்றுப் பொறுத்து நோக்கினால் உலர்ந்த புல்லோ முருங்கை இலைக்காம்போ அத்துவாரத்தில் பாதி நுழைந்து நிற்பதையும் காணலாம். தை பிறந்து மேல்மண் உலரத் தொடங்கியதும் குவியல்கள் மறையும். புழு கீழே இறங்கிவிடும். பங்குனி, சித்திரையில் ஆழத் தோண்டுவோர் மண்ணுக்குள் சிறு அறை செய்து, பந்து போலச் சுருண்டு அசைவற்றுக் கிடக்கும் புழுக்களைச் சந்திப்பர். பூர்வ சாஸ்திரிகள் பெயரிட்ட எந்த மாதிரிப் புட்டியிலும் இந்த ஆறு மாத உறக்கம் எழுதப்படவில்லை. உழவன் அதை அறிந்திருந்தான். அவனிடம் யாரும் கேட்கவில்லை.

இனி அந்நியர்களைப் பற்றி. உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் ஆங்கிலேயர் தங்கள் நாட்டு ரோஜாவையும் உருளைக்கிழங்கையும் பயிரிட்டபோது, தொட்டி மண்ணோடு ஐரோப்பியப் புழுக்களும் வந்து குடியேறின. குளிர்ந்த மலை அவற்றுக்குச் சௌகரியமாயிருந்தது. அதைவிடக் கனத்த குடியேற்றம் தென்னமெரிக்காவிலிருந்து நடந்தது. பிரேஸிலில் குடியிருந்த பிரிட்ஸ் மியூல்லர் 1850-களில் வர்ணித்த 'பொன்டோஸ்கோலெக்ஸ் கொரெத்ரூரஸ்' என்னும் நிறமற்ற புழு, தோட்டப் பயிர்களின் நாற்றுகளோடு உஷ்ணப் பிரதேசம் முழுவதும் பரவி, இன்று மேற்கு மலைகளின் ரப்பர், காப்பி, தேயிலைத் தோட்டங்களில் ஆதிக்கம் செலுத்துகிறது. அதன் வாற்பகுதி முடிகள் துடைப்பம் போல முறைமாறி நிற்பதே அடையாளம். துணையின்றியே இனம் பெருக்க வல்லது. ஒன்றே ஒன்று தப்பிச் சேர்ந்தாலும் ஒரு தோட்டத்துக்குப் போதும். இது வந்து சுதேசிகளைத் துரத்திற்று என்று பலர் எழுதுகின்றனர். எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தோன்றவில்லை. சோலை வெட்டப்பட்டு, நிழலும் இலைச்சருகும் போனதும் டிராவிடாக்களும் மெகாஸ்கோலெக்ஸுகளும் தாமே குறைந்தன. காலியான வீட்டில் இது புகுந்தது என்று கொள்வதற்கும் இடமுண்டு. அமேஸான் பிரதேசத்தில் காட்டை அழித்து உண்டாக்கிய மேய்ச்சல் நிலங்களிலோ, இப்புழுவின் ஈரப் பிசினான கழிவு மண் மேற்பரப்பை அடைத்து, நீர் இறங்காதபடி இறுக்கிவிட்டது என்று கண்டிருக்கிறார்கள். மண்புழுவென்றாலே மண்ணுக்கு நன்மை என்று மேடையில் பேசுவோர் இதைச் சற்று நினைக்க வேண்டும்.

புழுவுரத் தொழில் பரவியபோது, ஊர்ப் புழுவை விட்டு வெளியூர்ப் புழுவை நாடும் பழைய வழக்கே திரும்பி வந்தது. ஐரோப்பாவின் ஐஸினியாவும் மேற்கு ஆப்பிரிக்காவின் யூட்ரிலஸும் சீக்கிரம் பெருகும், குப்பையைச் சீக்கிரம் தின்னும் என்பதற்காகத் தொட்டிகளில் விடப்பட்டு, கிலோ கணக்கில் விலை பேசப்பட்டன. அக்காலத்தில் சென்னை நியூ காலேஜில் பேராசிரியராயிருந்த சுல்தான் அகமது இஸ்மாயில், ஊரில் இருக்கும் பெரியோனிக்ஸையும் லாம்பிட்டோவையும் கூட்டு வேலைக்கு அமர்த்தினார். முன்னது குப்பையை உண்டு பொடியாக்கும். பின்னது அதைக் கீழ்மண்ணோடு கலந்து வளை வெட்டிக் காற்றும் நீரும் இறங்கச் செய்யும். இரண்டுமே சமவெளியின் வெயிலைத் தாங்கியவை. கூட்டிலிருந்து வெளிவந்த லாம்பிட்டோ ஏறக்குறைய இரண்டு மாதத்தில் தன் தலைமுறையை முடித்து அடுத்ததைத் தொடங்கிவிடும். விலைக்கு வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. நிழலான இடத்தில் சாணமும் வைக்கோலும் பரப்பி, சாக்கை நனைத்து மூடிச் சில வாரம் ஈரம் காத்தால் அவை தாமே வந்து சேரும். மலைச் சோலையின் டிராவிடாக்களை இவ்விதம் தொட்டியில் வளர்க்க இயலாது. ஆழ்ந்த ஈரமும் மரத்து வேரும் இல்லாத இடத்தில் அவை தங்கா. அவற்றில் பல இனங்களை முதலில் கண்டவர் எடுத்த மலையைத் தவிர வேறிடத்தில் எவரும் கண்டதில்லை. அந்தப் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு, வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அதே சரிவுகளைத் திரும்பத் தோண்டும் வேலை இன்னும் பெரும்பகுதி செய்யப்படாமலே இருக்கிறது.